பெருந்தொற்று வந்தால் விபத்துக் காய ஆய்வுகளுக்கு என்ன ஆகும்?

பிரிட்டனில் 2016-இன் கடைசியில் ‘ரீஃபில்’ என்றொரு ஆய்வு தொடங்கியது. அடிபட்டு, ரத்தம் கொட்டி, ரத்த அழுத்தம் சரிந்து கிடக்கும் ஒருவருக்கு, மருத்துவமனைக்குக் கொண்டுசேர்ப்பதற்கு முன்பே ரத்தச் சிவப்பணுக்களையும், உலர்த்திப் பதப்படுத்திய பிளாஸ்மாவையும் (ரத்தத்தின் திரவப் பகுதி) ஏற்றினால் பலன் உண்டா, அல்லது வழக்கமான சலைனே போதுமா என்பதுதான் கேள்வி. நம்பகமான பதிலுக்கு 490 நோயாளிகள் வேண்டும் என்று முன்னதாகவே கணக்குப் போட்டிருந்தார்கள். நான்கு ஆண்டுகள் ஓடி 432 பேர் சேர்ந்திருந்த நிலையில், 2021 ஜனவரி தொடக்கத்தில் ஆள் சேர்ப்பு நின்றது. காரணம் கொரோனா.

மருத்துவரீதியாகப் பார்த்தால் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. அது நுரையீரலைத் தாக்கும் வைரஸ். இது ரத்தம் இழப்பவருக்கு என்ன ஏற்றுவது என்ற கேள்வி. பிறகு எப்படி ஒன்று மற்றதை நிறுத்தியது? இதற்குப் பதில் தெரிய வேண்டுமானால், காயச் சிகிச்சை மருத்துவமனைகளில் ஆய்வு என்பது எப்படி நடக்கிறது என்று முதலில் பார்த்துவிட வேண்டும்.

சாதாரண நாளிலேயே கடினம்

சாலை விபத்து, உயரத்திலிருந்து விழுதல், கத்திக்குத்து, துப்பாக்கிச் சூடு, தீக்காயம் என்று உயிருக்கு ஆபத்தான காயத்தோடு வருபவர்களை எந்த நேரமும் எதிர்கொள்ளத் தயாராக இருக்கும் மருத்துவமனைகளைத்தான் ட்ராமா மையம் என்கிறோம். அறுவைச் சிகிச்சை நிபுணர், மயக்க மருந்து நிபுணர், ரத்த வங்கி, ஐசியூ எல்லாம் இரவு பகலாக அங்கே இருக்கும்.

அங்கே ஆய்வு எதற்கு, அடிபட்டவருக்குத் தெரிந்த சிகிச்சையைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதானே என்று தோன்றலாம். தெரிந்ததாக நினைத்ததே தப்பாக இருந்த கதை ஒன்று உண்டு. தலையில் அடிபட்டவருக்கு ஸ்டீராய்டு கொடுத்தால் மூளை வீக்கம் குறையும் என்று நம்பிப் பல்லாண்டுகளாக மருத்துவர்கள் கொடுத்துவந்தார்கள். ‘கிராஷ்’ என்ற ஆய்வு 10,008 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஸ்டீராய்டும் மற்றதற்கு மருந்தில்லாத போலி ஊசியும் கொடுத்துப் பார்த்தது. 2004-இல் முடிவு வெளியானது. இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் ஸ்டீராய்டு குழுவில் 21.1 சதவீதம், மற்ற குழுவில் 17.9 சதவீதம். நல்லெண்ணத்தோடு கொடுத்த மருந்து ஆட்களைக் கொன்றுகொண்டிருந்தது. 10,000 பேரை எண்ணிப் பார்க்கும்வரை அது யார் கண்ணுக்கும் தெரியவில்லை.

குலுக்கல் ஏன் தேவை? மருத்துவரே ‘இவருக்கு இது, அவருக்கு அது’ என்று தேர்ந்தெடுத்தால், மோசமாக அடிபட்டவர்கள் ஒரு பக்கம் குவிந்துவிடுவார்கள். குலுக்கிப் பிரித்தால் வயது, காயத்தின் கடுமை, மற்ற நோய்கள் எல்லாம் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக விழும். மிஞ்சுகிற வித்தியாசம் மருந்தால் வந்தது என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம்.

புற்றுநோய் ஆய்வில் நோயாளியிடம் உட்கார்ந்து பேசலாம். வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு அடுத்த வாரம் வரச் சொல்லலாம். காய ஆய்வில் அந்த வசதி கிடையாது. யார் வருவார், எப்போது வருவார் என்று தெரியாது. வருபவர் பெரும்பாலும் நினைவில்லாமல் இருப்பார். நேரமோ நிமிடக்கணக்கில்தான். ரத்தக்கசிவைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலத்தை 40 நாடுகளில் 274 மருத்துவமனைகளில் 20,211 பேரிடம் சோதித்த ‘கிராஷ்-2’ ஆய்வின் முக்கியமான செய்தியே இந்த நேரம்தான். அடிபட்ட 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால் மருந்து உயிரைக் காக்கிறது. அதற்குப் பிறகு கொடுத்தால் ரத்தக்கசிவால் இறக்கும் வாய்ப்பு கூடுவதாகத் தெரிந்தது. அதே மருந்து, அதே அளவு. கடிகாரம் மட்டும் வேறு.

நினைவில்லாதவரிடம் யார் சம்மதம் வாங்குவது? பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் உறவினரிடம் வாங்குவார்கள். அதற்கும் நேரமில்லையென்றால் சிகிச்சையைத் தொடங்கிவிட்டுப் பிறகு வாங்கச் சில நாடுகளில் வழி இருக்கிறது. அமெரிக்காவில் 1996 முதல் இதற்கென்று தனி விதியே உண்டு. ஆனால் அந்த விதி ஒரு நிபந்தனை வைக்கிறது: ஆய்வு நடக்கப்போகும் பகுதி மக்களிடம் முன்கூட்டியே விஷயத்தைச் சொல்லி, அவர்கள் கருத்தைக் கேட்டிருக்க வேண்டும்.

ஆக, இந்த ஆய்வுகள் எல்லாமே மெல்லிய கயிற்றின் மேல் நடப்பவைதான். பெருந்தொற்று அந்தக் கயிற்றை ஒரே இடத்தில் அறுக்கவில்லை. பல இடங்களில் ஒரே நேரத்தில் இழுத்தது.

ஆட்கள் இடம் மாறினார்கள்

உலக சுகாதார நிறுவனம் கோவிட்-19 பரவலைப் பெருந்தொற்று என்று 2020 மார்ச் 11 அன்று சொன்னது. அந்த மாதமே பிரிட்டனின் தேசிய சுகாதார ஆராய்ச்சி அமைப்பு, கொரோனா தொடர்பான முன்னுரிமை ஆய்வுகளுக்கு வழிவிட்டுப் புதிய ஆய்வுகளைத் தொடங்கும் வேலையை நிறுத்திவைத்தது. வேறு பல நாடுகளிலும் மருத்துவமனைகள் தாங்களாகவே இதே முடிவுக்கு வந்தன.

இதில் வெளியே அதிகம் தெரியாத ஒருவர் ஆராய்ச்சிச் செவிலியர். காய ஆய்வின் அச்சாணியே அவர்தான். அவசரப் பிரிவில் அடிபட்டவர் வந்திறங்கியதும் அவர் ஆய்வுக்குத் தகுதியானவரா என்று பார்ப்பது, குலுக்கலில் எந்தக் குழு என்று தெரிந்துகொள்வது, எந்த நிமிடம் எந்த மருந்து போனது என்று குறிப்பது, குடும்பத்தினரிடம் பேசுவது, ரத்த மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்புவது எல்லாம் அவர் பொறுப்பு. அவர் பயிற்சி பெற்ற செவிலியர் என்பதால் ஐசியூவில் ஆள் குறைந்ததும் முதலில் அழைக்கப்பட்டவர்களில் அவரும் ஒருவர். அவர் போனதும் ஆய்வு காகிதத்தில் மட்டும் இருந்தது.

படுக்கையும் அப்படித்தான். மோசமாக அடிபட்டவருக்குத் தேவைப்படும் வென்டிலேட்டர், மயக்க மருந்து நிபுணர், ஐசியூ இடம் ஆகியவைதான் கொரோனா நோயாளிக்கும் தேவைப்பட்டன. தோல் நோய்ப் பிரிவுக்கோ கண் மருத்துவத்துக்கோ இவ்வளவு நேரடியான போட்டி வரவில்லை.

இங்கே ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்த மாதங்களில் ஆராய்ச்சி நின்றுபோகவில்லை, இடம் மாறியது. கொரோனாவுக்கான சிகிச்சைகளைச் சோதித்த பிரிட்டனின் ‘ரெகவரி’ ஆய்வு 2020 மார்ச் 19 அன்று முதல் நோயாளியைச் சேர்த்தது. மூன்று மாதத்துக்குள் 175-க்கும் மேற்பட்ட மருத்துவமனைகளில் 11,500-க்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். டெக்ஸாமெத்தசோன் என்ற மலிவான ஸ்டீராய்டு, வென்டிலேட்டரில் இருந்த கொரோனா நோயாளிகளின் இறப்பை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது என்று ஜூன் 16 அன்றே அறிவித்துவிட்டார்கள். ஆட்களை இடம் மாற்றியது சரியான முடிவு என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அதற்கும் ஒரு விலை இருந்தது. அதை யாரும் தனியாகக் கணக்கெழுதி வைக்கவில்லை.

சம்மதம் வாங்குவதும் சிக்கலானது. உறவினர்களை மருத்துவமனைக்குள் விடவில்லை. தொலைபேசியில் ஒரு முன்பின் தெரியாத குரல், ‘உங்கள் மகன் மோசமாக அடிபட்டிருக்கிறான், அப்புறம் ஓர் ஆய்வு நடக்கிறது’ என்று தொடங்கினால் எதிர்முனையில் இருப்பவருக்கு எப்படி இருக்கும்? கையெழுத்திட்ட காகிதத்தைத் தொற்றுப் பிரிவிலிருந்து வெளியே எடுத்துவருவதற்குக்கூட வழிமுறை வகுக்க வேண்டியிருந்தது. மக்களை நேரில் கூட்டிக் கருத்துக் கேட்கும் கூட்டங்களோ, கூட்டமே கூடக் கூடாத காலத்தில் எப்படி நடக்கும்?

அடிபட்டு வருபவர்களும் மாறினார்கள்

ஊரடங்கில் வண்டிகள் ஓடாது, விபத்து குறையும், ஆய்வுக்கு ஆள் கிடைக்காது. இப்படித்தான் எல்லோரும் எதிர்பார்ப்போம். சில இடங்களில் அதுவே நடந்தது. இந்தியாவில் சாலை விபத்து இறப்புகள் 2019-இல் 1,51,113 ஆக இருந்தன. 2020-இல் 1,31,714 ஆகக் குறைந்து, 2021-இல் 1,53,972 ஆக மறுபடி ஏறிவிட்டன. ஆனால் அமெரிக்காவில் 2020-இல் வண்டிகள் ஓடிய மொத்தத் தூரம் சுமார் 11 சதவீதம் குறைந்தும், சாலையில் இறந்தவர்கள் 38,824 பேர். முந்தைய ஆண்டைவிட அதிகம். காலிச் சாலையில் வேகம் கூடியது, சீட் பெல்ட் போடாதவர்களும் கூடினார்கள். அதே ஆண்டில் அங்கே துப்பாக்கிக் கொலை விகிதமும் ஏறக்குறைய 35 சதவீதம் உயர்ந்தது.

ஓர் ஆய்வாளருக்கு இதன் அர்த்தம் என்ன? கார் மோதி வயிற்றுக்குள் உறுப்புகள் நசுங்கியவரும், குண்டு துளைத்து ஒரே ரத்தக்குழாய் கிழிந்தவரும் ரத்தம் இழப்பதில் ஒன்றுபோலத் தெரியலாம். உடல் எதிர்வினை, வயது, தேவைப்படும் அறுவைச் சிகிச்சை எல்லாமே வேறு. ஆய்வின் முதல் பாதியில் முன்னவர் அதிகமாகவும் பிற்பாதியில் பின்னவர் அதிகமாகவும் சேர்ந்தால், கடைசியில் கிடைக்கும் சராசரி யாரைப் பற்றியது?

குலுக்கல் இங்கே நம்மை ஓரளவு காப்பாற்றும் என்பது உண்மை. காயத்தின் வகை மாறினாலும் அது இரண்டு குழுவிலும் சமமாகவே மாறும். ஒரு பக்கம் சாய்வு வராது. ஆனால் இரைச்சல், அதாவது தற்செயலான ஏற்ற இறக்கம், கூடும். உண்மையான வித்தியாசம் அந்த இரைச்சலில் அமுங்கிப்போகலாம். கொரோனா வைரஸ் ரத்தம் உறைவதையே பாதிக்கக்கூடியது, காலிலும் நுரையீரலிலும் ரத்தக்கட்டிகளை உண்டாக்கக்கூடியது. ரத்தக்கசிவு மருந்தைச் சோதிக்கும் ஆய்வில் அடிபட்டவருக்குக் கொரோனாவும் இருந்து, நுரையீரலில் ரத்தக்கட்டி வந்தால், அது மருந்தின் பக்கவிளைவா, வைரஸின் வேலையா, அசையாமல் படுத்திருந்ததன் விளைவா?

குலுக்கல் காப்பாற்ற முடியாத இடமும் உண்டு. மேலே சொன்ன இரண்டு முடிவுகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தலைக்காயத்தில் ஸ்டீராய்டு கெடுதல் என்றது 2004. தீவிரக் கொரோனாவில் ஸ்டீராய்டு உயிர்காக்கும் என்றது 2020. தலையில் அடிபட்டு, பரிசோதனையில் கொரோனாவும் உறுதியாகி, மூச்சு முட்டிக்கொண்டு கிடப்பவருக்கு என்ன செய்வது? இரண்டு ஆய்வுகளுமே அவரைப் பற்றியவை அல்ல. அவர் ஏற்கெனவே ஒரு தலைக்காய ஆய்வில் இருந்தால், ஆய்வுத் திட்டம் எழுதப்பட்டபோது யாரும் நினைத்துப் பார்க்காத ஒரு மருந்து நடுவில் நுழைகிறது. இதைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம், பெருந்தொற்று ஆய்வின் வேகத்தைக் குறைத்தது என்று மட்டும் சொல்வது போதாது என்று தோன்றும். கேள்வியையே அது மாற்றிவிட்டது.

ரத்தத்துக்கும் தட்டுப்பாடு வந்தது. கல்லூரிகளும் அலுவலகங்களும் மூடியதால் ரத்ததான முகாம்கள் நடக்கவில்லை. அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் 2022 ஜனவரியில், தன் வரலாற்றிலேயே முதல் முறையாகத் தேசிய ரத்த நெருக்கடியை அறிவித்தது. காய ஆய்வுகளில் பல, ரத்தத்தை எப்போது, என்ன விகிதத்தில் ஏற்றுவது என்பதைப் பற்றித்தான். 2015-இல் வெளியான ‘பிராப்பர்’ ஆய்வில் பிளாஸ்மாவும் தட்டணுக்களும் சிவப்பணுக்களும் 10 நிமிடத்துக்குள் படுக்கைக்கு வந்துசேரும்படி ரத்த வங்கிகள் தயாராக இருந்தன. பையை எண்ணிக் கொடுக்கும் நிலையில் இருக்கும் வங்கியிடம் அப்படி ஒன்றைக் கேட்கவே கூச்சமாக இருக்கும்.

ஆறு மாதம் கழித்து வரும் கேள்விகள்

எனக்கு மிகவும் சுவாரசியமாகப் பட்ட சிக்கல் இதுதான். இதைப் பற்றிக் குறைவாகவே பேசுகிறார்கள்.

தலைக்காய ஆய்வுகளில் உயிர் பிழைத்தாரா என்பது பாதிக் கேள்விதான். பிழைத்தவர் எப்படி வாழ்கிறார் என்று அறிய, பெரும்பாலும் ஆறு மாதம் கழித்து ‘விரிவாக்கப்பட்ட கிளாஸ்கோ அளவுகோல்’ என்ற எட்டுப் படிகள் கொண்ட அளவைப் பயன்படுத்துகிறார்கள். ஒன்று என்றால் இறப்பு. எட்டு என்றால் நல்ல தேர்ச்சி. ஆய்வாளர் தொலைபேசியிலேயே கேட்டுப் படியை முடிவு செய்ய முடியும். வெளியூருக்குத் துணையில்லாமல் போக முடிகிறதா? கடைக்குப் போய் வேண்டியதை வாங்க முடிகிறதா? பழைய வேலைக்குத் திரும்பிவிட்டாரா? நண்பர்களைச் சந்திப்பது, பொழுதுபோக்கு எல்லாம் முன்புபோல இருக்கிறதா?

இந்தக் கேள்விகளை 2020 மே மாதத்தில் கேட்டுப் பாருங்கள். தலையில் அடியே படாதவர்களும் வெளியூர் போகவில்லை, வேலைக்குப் போகவில்லை, நண்பர்களைப் பார்க்கவில்லை. அளவுகோல் மூளையை அளப்பதற்குப் பதில் ஊரடங்கை அளந்துகொண்டிருக்கும். காயத்தால் முடியவில்லையா, கட்டுப்பாட்டால் முடியவில்லையா என்று பிரித்துக் கேட்கும் பயிற்சி கேட்பவருக்கு இருந்தால் தப்பிக்கலாம். ஒரே ஆய்வில் ஒருவர் அப்படிக் கேட்டு, இன்னொருவர் கேட்காமல் விட்டால், பதில்கள் ஒப்பிட முடியாதவை ஆகிவிடும்.

அப்புறம், ஆளே காணாமல் போவது. அடிபட்டவர்களில் இளைஞர்கள், புலம்பெயர்ந்த தொழிலாளர்கள், தொலைபேசி எண் அடிக்கடி மாறுபவர்கள் அதிகம். சாதாரணக் காலத்திலேயே இவர்களைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. ஊரே காலியாகி மக்கள் சொந்த ஊருக்குக் கிளம்பிய காலத்தில் சொல்லவே வேண்டாம். நேரில் வந்து எடுக்க வேண்டிய எலும்பு எக்ஸ்ரே, நடைப் பரிசோதனை போன்றவை விடுபட்டே போயின. விடுபட்டவர்கள் இரண்டு குழுவிலும் ஒரே மாதிரியானவர்கள் என்றால் பரவாயில்லை. நன்றாகத் தேறியவர் ‘நமக்கு எதற்கு’ என்று வராமலும், தேறாதவர் வேறு வழியின்றி வந்தும் இருந்தால், படம் மோசமாகத் தெரியும்.

ஆய்வகத்திலும் வேலை நின்றது. வேதிப்பொருள்கள், கையுறைகள் தட்டுப்பாடு, பாதியில் நின்ற விலங்குச் சோதனைகள், முடிந்துபோன நிதிக் காலக்கெடு. இவை எல்லாத் துறைக்கும் பொது என்பதால் இங்கே நீட்டவில்லை.

எண்ணிக்கை குறைந்தால் என்ன?

சரி, ரீஃபில் ஆய்வுக்கு என்ன முடிவு வந்தது? 2022-இல் வெளியிட்டார்கள். இறப்பு, அல்லது உடலில் சேர்ந்த லாக்டேட் (திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாதபோது சேரும் பொருள்) போதிய வேகத்தில் குறையாமை, இவற்றில் ஏதாவது ஒன்று நேர்ந்தவர்கள் ரத்தப் பொருள்கள் ஏற்றிய குழுவில் 64 சதவீதம். சலைன் குழுவில் 65 சதவீதம். வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். ஆனால் ஆய்வுக்கட்டுரையில் இன்னொரு எண்ணும் இருக்கிறது: உண்மையான வித்தியாசம் 9 சதவீதப் புள்ளி நல்ல பக்கமாகவும் இருக்கலாம், 9 புள்ளி கெட்ட பக்கமாகவும் இருக்கலாம். அந்த அகலம்தான் நம்முடைய அறியாமையின் அளவு.

விடுபட்ட 58 பேரும் சேர்ந்திருந்தால் தெளிவு வந்திருக்குமா? பெரிதாக வந்திருக்காது. இந்த அகலம் நோயாளிகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைப் பொறுத்துச் சுருங்கும். கணக்குப் போட்டால் 9 என்பது சுமார் 8.5 ஆகும், அவ்வளவுதான். கடைசிக் கட்டத்தில் நின்ற ஆய்வுக்கு இழப்பு இவ்வளவே. உண்மையான இழப்பு, 2019-இன் இறுதியில் தொடங்கி, சில டஜன் நோயாளிகளோடு நின்று, பிறகு எழுந்திருக்கவே முடியாத ஆய்வுகளுக்கு. அவற்றில் சேர்ந்தவர்கள் தங்கள் உடலைக் கொடுத்தும் பதில் எதுவும் கிடைக்கவில்லை.

ஒழுங்குமுறை அமைப்புகள் ஓரளவு வேகமாகவே நகர்ந்தன. அமெரிக்காவின் உணவு, மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ 2020 மார்ச்சிலேயே வழிகாட்டுதல் வெளியிட்டது: நோயாளிகளின் பாதுகாப்புதான் முதலில், நேரில் வரவேண்டிய இடத்தில் தொலைபேசியோ காணொளியோ பயன்படுத்தலாம், திட்டத்திலிருந்து விலகியது எதுவானாலும் பெருந்தொற்றுக் காரணத்தோடு எழுதி வைக்க வேண்டும். 2021-இல் ‘கன்சர்வ்’ என்ற அறிக்கை வந்தது. எதிர்பாராத சூழலால் ஓர் ஆய்வை நடுவில் மாற்ற நேர்ந்தால், எதை, ஏன், யார், எப்போது மாற்றினார்கள் என்று எப்படி வெளிப்படுத்துவது என்பதற்கான பட்டியல் அது.

முன்கூட்டியே யோசித்தவர்களும் இருக்கிறார்கள். ‘ரீமேப்-கேப்’ என்ற நிமோனியா ஆய்வு 2016-இல் தொடங்கியபோதே, ஒருவேளை பெருந்தொற்று வந்தால் எப்படித் தன்னை மாற்றிக்கொள்வது என்பதையும் திட்டத்தில் எழுதியிருந்தது. 2020-இல் அதைச் செயல்படுத்தினால் போதும் என்றிருந்தது. காய ஆய்வுகள் இதிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியவை நிறைய: ஆராய்ச்சிச் செவிலியர் இல்லாவிட்டாலும் பணியில் இருக்கும் மருத்துவரே நிரப்பக்கூடிய சின்னப் படிவம், மருத்துவமனைப் பதிவேட்டிலிருந்தே எடுக்கக்கூடிய முடிவுகள், எந்த நிலையில் ஆய்வை நிறுத்துவது, எந்த நிலையில் திரும்பத் தொடங்குவது என்ற விதிகள். ரெகவரி அவ்வளவு வேகமாக ஓடியதற்கு முக்கியக் காரணம், செவிலியர்களும் மருத்துவர்களும் நிரப்ப வேண்டியதை மிகக் குறைவாக வைத்திருந்ததுதான்.

நின்ற ஆய்வுகளைப் பற்றி எனக்கு அதிகக் கவலை இல்லை. நின்றது என்று எல்லோருக்கும் தெரியும். நிற்காமல் ஓடியவற்றைத்தான் கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டும். 2020 முதல் 2022 வரை நடந்த ஏதாவது காய ஆய்வின் கட்டுரை கையில் கிடைத்தால், முதலில் ஆள் சேர்த்த தேதிகளைப் பாருங்கள். அடுத்து, எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் நடுவில் விடுபட்டார்கள் என்று காட்டும் ஓட்டப்படம். இரண்டு குழுவிலும் விடுபட்டவர்கள் ஏறக்குறைய சமமா? பெருந்தொற்றுக்கு முன் சேர்ந்தவர்களையும் பின் சேர்ந்தவர்களையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார்களா? அளவுகோலையோ காலக்கெடுவையோ மாற்றியிருந்தால், எந்தக் குழுவில் என்ன நடந்தது என்று தெரிவதற்கு முன் மாற்றினார்களா, தெரிந்த பிறகா? தேதிகள் கொரோனாக் காலத்தின் குறுக்கே ஓடியிருந்தும் கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையென்றால், ஆய்வாளர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்கலாம். பெரும்பாலான மருத்துவக் கட்டுரைகளில் தொடர்புக்கான முகவரி முதல் பக்கத்திலேயே இருக்கும்.